கிறிஸ்தவக் குருத்துவமும் அதன் யூத வேர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்புகளிலும் வேதபாடக் கூட்டங்களிலும் குருத்துவத்தைப் பற்றி எழும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கின்றன. ஆரோனின் ஆசாரியத்துவமே நேர்கோட்டில் வளர்ந்து திருச்சபையின் குருத்துவம் ஆயிற்று என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மறு சாரார் சாதிக்கிறார்கள். வரலாறு இரு தரப்புக்கும் முழுச் சம்மதம் தருவதில்லை. பழைய ஆசாரியத்துவம் கிறிஸ்து என்னும் ஒருவருக்குள் சென்று சேர்ந்தது என்றும், அவருக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தே அதன் சொற்கள் திருச்சபை ஊழியர்கள்மேல் மெல்லத் திரும்பி வந்தன என்றும் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. கீழே உள்ள பதில்கள் இந்தப் பார்வையில் எழுதப்பட்டவை.

ஆசாரியர், குரு, போதகர், ஆயர் என்று பல பெயர்கள் வழங்குகின்றனவே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. சபைக்குச் சபை வழக்கு மாறுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘ஆசாரியன்’ என்று வருபவரைத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘குரு’ என்கிறது. கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்றால் மறைமாவட்டத்தின் தலைவர்; தென்னிந்தியத் திருச்சபையினர் ஆயர் என்றால் சேகரத்தைக் கவனிக்கும் ஊழியர், அவர்களுடைய திருமண்டலத்தின் தலைவர் பேராயர். ஒரே ஊரில் இரு சபையாரும் கூடும் விழா அழைப்பிதழில் இதனால் வரும் குழப்பம் சொல்லி முடியாது. இங்கே பழைய ஏற்பாட்டு ஊழியரை ஆசாரியர் என்றும், திருச்சபையில் திருநிலை பெற்றவரைக் குரு என்றும், கத்தோலிக்க வழக்கின்படி மறைமாவட்டத் தலைவரை ஆயர் என்றும் குறிப்பிடுகிறோம். நூல்களின் பெயர்கள் பழைய வேதாகம வழக்கின்படி தரப்பட்டுள்ளன.

இஸ்ரவேலில் யார் ஆசாரியராக முடிந்தது?

தொடக்கத்தில் தனி வகுப்பு இருக்கவில்லை. நோவாவும் ஆபிரகாமும் யாக்கோபும் தாங்களே பலிபீடம் கட்டினார்கள். குடும்பத் தலைவரே பலி செலுத்தினார். நியாயாதிபதிகள் 17-ஆம் அதிகாரம் இடைக்கால நிலையை அப்படியே காட்டுகிறது. எப்பிராயீம் மலைநாட்டில் வாழ்ந்த மீகா முதலில் தன் மகன்களில் ஒருவனையே ஆசாரியன் ஆக்குகிறான். பிறகு பெத்லெகேமிலிருந்து பிழைப்புத் தேடி வந்த லேவிய வாலிபன் ஒருவன் கிடைத்ததும், ஆண்டுக்கு 10 வெள்ளிக்காசும் உடையும் உணவும் பேசி அவனை அமர்த்திக்கொள்கிறான். லேவியனே ஆசாரியனாகக் கிடைத்துவிட்டான், இனி தனக்கு நன்மைதான் என்று மகிழ்கிறான். அதாவது யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் லேவியன் செய்தால் விசேஷம்.

மோசேயின் சட்டம் இதை இறுக்கமாக வரையறுத்தது. லேவி கோத்திரம் முழுவதும் திருக்கூடாரப் பணிக்கு. அதற்குள் ஆரோனின் ஆண் வழித்தோன்றல்கள் மட்டுமே பலிபீடப் பணிக்கு. இவர்களுக்கு நிலப்பங்கு இல்லை. 48 பட்டணங்களும் அவற்றைச் சுற்றிய மேய்ச்சல் வெளியும் கோத்திரத்துக்கு அளிக்கப்பட்டன. மக்கள் லேவியருக்குத் தசமபாகம் கொடுத்தார்கள், லேவியர் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள். உடல் ஊனமுள்ள ஆரோன் வம்சத்தார் பலிபீடத்தை அணுகக் கூடாது, ஆயினும் பரிசுத்த உணவில் அவர்களுக்குப் பங்குண்டு என்று லேவியராகமம் 21 கூறுகிறது.

இந்த வரையறையை எல்லாரும் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணாகமம் 16-ல் கோராகு எழுப்பும் முழக்கம், சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், நீங்கள் இருவர் மட்டும் உங்களை உயர்த்திக்கொள்வது ஏன் என்பது. அவன் வெறும் குழப்பக்காரன் அல்லன். யாத்திராகமம் 19:6-ல் கடவுள் இஸ்ரவேல் முழுவதையும் ஆசாரிய ராஜ்யம் என்று அழைத்திருந்தார். எல்லாரும் ஆசாரியர், ஆனால் சிலர் மட்டுமே ஆசாரியர் என்னும் இழுபறி மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவுக்குள்ளேயே இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லூத்தர் காலத்தில் வெடித்த சர்ச்சையின் விதை இங்கேதான்.

பலியிடுவதுதானே ஆசாரியரின் வேலை?

பொதுவான எண்ணம் அதுதான். ஆனால் லேவியராகமம் 1-ஐ நிதானமாக வாசித்தால் ஆடு மாடுகளை வெட்டுவதே ஆசாரியரின் வேலையாக அங்கு இல்லை. காளையைக் கொண்டுவந்த மனிதன் அதன் தலையில் தன் கையை வைக்கிறான். அவனே அதை அடிக்கிறான். அவனே தோலை உரித்துத் துண்டங்களாக வெட்டுகிறான். இரத்தத்தைப் பலிபீடத்தின் சுற்றிலும் தெளிப்பது, நெருப்பிடுவது, விறகை அடுக்குவது, துண்டங்களை ஒழுங்காக வைப்பது ஆகியவையே ஆசாரியரின் பங்கு. உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த உயிர் பலிபீடத்தைத் தொடும் கணத்தில்தான் ஆசாரியர் தேவைப்பட்டார். தகனபலியின் தோல் அவருக்கு. சமாதான பலியில் மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் அவருக்கு. ஆடு மாடு கொடுக்க வசதியில்லாதவர் புறாக்களைக் கொண்டுவரலாம். மரியாளும் யோசேப்பும் இந்தச் சலுகையையே பயன்படுத்தியதாக லூக்கா 2:24 குறிப்பிடுவது அக்குடும்பத்தின் நிலைமையைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

பலிபீடத்துக்கு வெளியேயும் பணி நிறைய இருந்தது. தோல் நோய் கண்டவரைப் பார்வையிட்டு 7 நாள் ஒதுக்கிவைத்து, மறுபடி பார்த்துத் தீட்டு, சுத்தம் என்று அறிவிப்பது அவர் கடமை. மருந்து கொடுப்பது அவர் வேலையல்ல. சமூகத்துக்குள் ஒருவரைத் திரும்பச் சேர்ப்பதே அவர் அதிகாரம். குணமடைந்த தொழுநோயாளியிடம் ஆசாரியனிடம் போய்க் காட்டு என்று இயேசு சொன்னதன் பொருள் இதுவே. சட்டத்தைக் கற்பிப்பதும் அவர்களுடைய பொறுப்பு. ஆசாரியனுடைய உதடுகள் அறிவைக் காக்க வேண்டும் என்று மல்கியா 2:7 நினைவூட்டுகிறது. அந்த அதிகாரமே, கடமை தவறிய ஆசாரியர்மீது தொடுக்கப்பட்ட கடுமையான கண்டனமுமாகும்.

மூன்றாவது, ஆசீர்வதிப்பது. எண்ணாகமம் 6-இல் ஆரோனும் அவன் குமாரரும் சொல்லவேண்டிய மூன்றடி ஆசீர்வாதம் உள்ளது. 1979-இல் எருசலேமின் கேத்தேப் ஹின்னோம் என்னுமிடத்துப் பழங்கல்லறைகளில் கபிரியேல் பர்காய் தலைமையில் அகழ்ந்தபோது கிடைத்த இரு சிறு வெள்ளிச் சுருள்களில் இந்த ஆசீர்வாதத்தின் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று கணிக்கப்படும் அவை, வேதாகம வாசகம் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றாகும். இன்று தமிழ்நாட்டு ஆலயங்களில் ஆராதனை முடிவில் பலமுறை ஒலிக்கும் ஆசீர்வாதமும் இதே வாசகம்தான். யூத ஆசாரியத்துவத்திலிருந்து கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் நேராக வந்து சேர்ந்தது எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

ஆசாரியரை எப்படி அபிஷேகம் செய்தார்கள்? இன்றைய குருப்பட்டச் சடங்கு அதன் தொடர்ச்சியா?

லேவியராகமம் 8-இல் மோசே ஆரோனையும் அவன் மகன்களையும் தண்ணீரால் கழுவி, உடைகளை உடுத்தி, ஆரோனின் தலையில் எண்ணெய் வார்க்கிறார். பின்பு ஆட்டுக்கடாவின் இரத்தத்தை எடுத்து அவர்களுடைய வலது காதின் மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும் பூசுகிறார். ஏழு நாள் அவர்கள் கூடார வாசலை விட்டு நகரக்கூடாது. காது, கை, கால் என்பதற்குக் கேட்பது, செய்வது, நடப்பது என்று பிரசங்கங்களில் விளக்கம் தருவதுண்டு. நூல் எந்த விளக்கமும் தரவில்லை.

ஆனால் அதே நூலின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் வியப்பாக இருக்கும். தொழுநோயிலிருந்து குணமானவனுக்கும் ஆசாரியர் அதே மூன்று இடங்களில் இரத்தம் பூசுகிறார். அதன்மேல் எண்ணெயும் பூசி, மீதி எண்ணெயை அவன் தலையில் வார்க்கிறார். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்த ஒருவன் திரும்பி வரும் நாளில், ஆசாரியனைப் பட்டம் கட்டுவதுபோன்ற சடங்கினால் வரவேற்கப்படுகிறான். எல்லாரையும் ஆசாரியர் என்று புதிய ஏற்பாடு சொல்வதற்கு முன்பே, சட்டத்தின் ஓர் ஓரத்தில் அந்த எண்ணம் ஒளிந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

கிறிஸ்தவச் சடங்கில் இரத்தம் இல்லை. கைகளை வைத்தல் அதன் மையம். இதற்கு முன்மாதிரி ஆரோனின் அபிஷேகம் அன்று, மோசே யோசுவாவின்மேல் கை வைத்ததும் லேவியர்மேல் மக்கள் கை வைத்ததும் ஆகும். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரு நிருபங்களிலும் இவ்வழக்கம் காணப்படுகிறது. கத்தோலிக்க முறையில் புதுக் குருவின் உள்ளங்கைகளில் கிறிஸ்மா எண்ணெய் பூசுவது பின்னர் சேர்ந்தது. திருநிலைப்பாட்டு மன்றாட்டிலோ மோசேக்குத் துணைநின்ற 70 மூப்பர்களும் ஆரோனின் மைந்தர்களும் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூரப்படுகிறார்கள்.

மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது பிரதான ஆசாரியரின் காலில் கயிறு கட்டினார்களாமே?

அவர் உள்ளே இறந்துவிட்டால் இழுத்து எடுப்பதற்காக என்று நம் மேடைகளில் உருக்கமாகச் சொல்லப்படும் கதை இது. வேதாகமத்தில் இல்லை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் எழுதியவற்றில் இல்லை, ஆலயச் சடங்குகளை நுணுக்கமாக விவரிக்கும் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இல்லை. காலில் கட்டும் கயிற்றைப் பற்றிய பேச்சு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோகர் என்னும் யூத மறைஞான நூலில் வருகிறது, அதாவது ஆலயம் அழிந்து 1,200 ஆண்டுகள் கழித்து. அங்கியின் ஓரத்தில் உள்ள பொன்மணிகளின் ஓசை நின்றால் இறந்தார் என்று அறிவார்கள் என்பதும் பொருந்தாது. ஏனெனில் லேவியராகமம் 16:4-இன்படி பாவநிவிர்த்தி நாளில் அவர் அந்த மணி வைத்த அங்கியைக் களைந்துவிட்டு, வெறும் சணல்நூல் உடையோடுதான் உள்ளே போனார்.

உண்மையில் நடந்ததே போதிய அளவு அச்சமூட்டக்கூடியது. மிஷ்னாவின் யோமா பகுதியின்படி, 7 நாளுக்கு முன்பே பிரதான ஆசாரியரை வீட்டிலிருந்து பிரித்து ஆலய அறையில் தங்கவைப்பார்கள். முந்திய இரவு அவர் உறங்கக் கூடாது. கண்ணயர்ந்தால் இளம் ஆசாரியர்கள் அவர் முன் விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள். விடிந்தபின் முதலில் தன் பாவத்துக்கும் தன் வீட்டார் பாவத்துக்கும் காளையைச் செலுத்தி அறிக்கை செய்யவேண்டும். அதன்பின்தான் சீட்டுப் போட்ட இரு வெள்ளாட்டுக் கடாக்கள்: ஒன்று கர்த்தருக்கு, மற்றொன்று மக்களின் அக்கிரமங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் போக்காடு. பிறருக்காக நிற்கிறவர் முதலில் தன் பாவத்துக்குப் பலி செலுத்தியாகவேண்டும் என்னும் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் எபிரெயர் நிருபம் தன் வாதம் முழுவதையும் கட்டுகிறது.

இயேசுவின் காலத்தில் ஆசாரியத்துவம் எந்த நிலையில் இருந்தது?

பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் ஆசாரிய வம்சாவளியில் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள். அட்டவணையில் பெயர் இல்லாதவர்கள் விலக்கப்பட்டதை எஸ்றா 2 சொல்கிறது. பிரதான ஆசாரியப் பதவி தாவீது காலத்து ஆசாரியரான சாதோக்கின் வழியில் சென்றது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அது அரசியல் ஏலத்துக்கு வந்தது. யூதரின் விடுதலைப் போரை நடத்திய மக்கபேயர் குடும்பத்து யோனத்தான் கி.மு. 152-இல், சிரியாவை ஆண்ட செலூக்கியரின் அரியணைக்குப் போட்டியிட்ட ஒருவரின் கையால் அப்பதவியைப் பெற்றார். அவர் சகோதரர் சீமோனை மக்கள் அங்கீகரித்தபோது, நம்பத்தகுந்த தீர்க்கதரிசி எழும்பும்வரை என்னும் நிபந்தனை சேர்த்தார்கள் என்று 1 மக்கபேயர் 14 கூறுகிறது. அந்த நிபந்தனையிலேயே ஒரு தயக்கம் தெரிகிறது. சவக்கடல் ஓரத்துக் கும்ரான் சமூகத்தார் எருசலேம் ஆசாரியத் தலைமையைத் துன்மார்க்க ஆசாரியன் என்று வசைபாடியதற்கும் இதே காலப் பின்னணிதான்.

ஏரோதும் அவனுக்குப் பின் ரோம ஆளுநர்களும் பிரதான ஆசாரியரை விருப்பம்போல் மாற்றினார்கள். அன்னா கி.பி. 6 முதல் 15 வரை பதவியில் இருந்தார். அவர் மருமகன் காய்பா 18 முதல் 36 வரை நீடித்தார். ஆயினும் முழு ஆசாரியத்துவத்தையும் காய்பாவின் முகத்தில் பார்ப்பது அநியாயம். 24 பிரிவுகளாகப் பிரிந்து, முறைவரும்போது ஆண்டுக்கு இரு வாரம் எருசலேமுக்கு வந்துவிட்டு மீதி நாளெல்லாம் கிராமத்தில் வாழ்ந்த எளிய ஆசாரியர்களே மிகுதி. அபியாவின் பிரிவைச் சேர்ந்த சகரியா அவர்களில் ஒருவர். சீட்டு விழுந்து தூபங்காட்ட உள்ளே போன நாளில்தான் லூக்காவின் நற்செய்தி தொடங்குகிறது. ஆசாரியர்களில் அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்று அப்போஸ்தலர் 6:7 சொல்வது இத்தகையவர்களையே குறிக்கலாம்.

இயேசு ஆசாரியரா?

யூதச் சட்டப்படி அல்லர். அவர் யூதா கோத்திரத்தார். ஆலயத்தின் உள்ளிடத்தில் அவர் காலடி பட்டதாகச் செய்தியே இல்லை. எபிரெயர் நிருபம் இதை மறைக்கவில்லை, 7:14-இல் ஒப்புக்கொள்கிறது, 8:4-இல் அவர் பூமியில் இருந்தால் ஆசாரியராகவே இருக்கமாட்டார் என்றுகூடச் சொல்லிவிடுகிறது. புதிய ஏற்பாட்டில் கிறிஸ்துவை வெளிப்படையாகப் பிரதான ஆசாரியர் என்று அழைக்கும் நூல் இது ஒன்றே.

அதன் வாதம் இப்படிச் செல்கிறது. ஆரோன் வழியினர் மரணத்துக்கு உட்பட்டவர்கள், ஆகவே பலர் தேவைப்பட்டார்கள். இவர் என்றும் வாழ்கிறார், ஆகவே ஒருவர் போதும். அவர்கள் தங்களுக்காகவும் பலி செலுத்தினார்கள். இவருக்கு அது தேவையில்லை. அவர்கள் வேறோர் உயிரின் இரத்தத்தோடு போனார்கள். இவர் தம் சொந்த இரத்தத்தோடு போனார். 10-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு விவரம் வருகிறது: ஆசாரியர் நாள்தோறும் நின்றுகொண்டு பணி செய்கிறார், கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார். ஆசரிப்புக் கூடாரத்தின் பொருள்களை யாத்திராகமம் வரிசையாகப் பட்டியலிடுகிறது. மேசை உண்டு, விளக்குத்தண்டு உண்டு, ஆசாரியர் அமர இருக்கை மட்டும் இல்லை. வேலை முடியவே முடியாது என்பதால் உட்கார இடமில்லை. அந்த வாசகர்களுக்கு ‘உட்கார்ந்தார்’ என்ற ஒரு வினையே போதுமானதாக இருந்திருக்கும்.

மெல்கிசேதேக்கு யார்? அவரை ஏன் இழுக்க வேண்டும்?

ஆதியாகமம் 14-இல் மூன்றே வசனங்களில் வந்துபோகும் சாலேமின் அரசர். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிரகாமை ஆசீர்வதித்து, அவரிடம் தசமபாகம் பெறுகிறார். சங்கீதம் 110:4 தாவீதின் வழிவரும் அரசனை அவர் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியர் என்கிறது. லேவி பிறப்பதற்கு முன்பே, வம்சாவளி எதுவும் சொல்லப்படாமல், ஒருவர் உன்னத தேவனின் ஆசாரியராக இருந்திருக்கிறார் என்பதுதான் எபிரெயர் நிருபத்துக்குத் தேவையான சான்று. ஆரோன் வழியாகப் போகாமலே ஆசாரியத்துவத்தை அடைய அது ஒரு வாசல். கும்ரான் சுருள் ஒன்றும் மெல்கிசேதேக்கை வானக மீட்பராகச் சித்திரிப்பதால், அவரைப் பற்றிய சிந்தனை அக்கால யூதரிடமே செழித்திருந்தது தெளிவு.

வியப்பு என்னவென்றால், எபிரெயர் நிருபம் அந்த அப்பத்தையும் ரசத்தையும் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவற்றை நற்கருணையோடு இணைத்தது பிற்காலத் தந்தையர்; கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் 3-ஆம் நூற்றாண்டில் அதை விரிவாக எழுதினார். ரோமைத் திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் ஆபேல், ஆபிரகாம் ஆகியோருடன் மெல்கிசேதேக்கும் இன்றும் இடம்பெறுகிறார்.

புதிய ஏற்பாடு சபைத் தலைவர்களை ஆசாரியர் என்று அழைக்கிறதா?

ஓரிடத்திலும் இல்லை. மூப்பர், கண்காணி, உதவிக்காரர் ஆகியவையே பதவிப் பெயர்கள். அதுவும் அப்போஸ்தலர் 20-இல் எபேசுவின் மூப்பர்களை வரவழைத்த பவுல் அவர்களையே கண்காணிகள் என்றும் சொல்வதால், அவ்விரண்டும் அப்போது தனித்தனிப் படிநிலைகளாகப் பிரியவில்லை என்று கொள்ளலாம். யூத ஜெபாலயங்களிலும் மூப்பர் இருந்தார்கள் என்பதால், திருச்சபை தன் நிர்வாக அமைப்பை ஆலயத்திலிருந்து அல்ல, ஜெபாலயத்திலிருந்து எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. ஆசாரியர் என்னும் பெயர் இருவருக்கு மட்டும்: கிறிஸ்துவுக்கு, பிறகு விசுவாசிகள் அனைவருக்கும் (1 பேதுரு 2:9, வெளிப்படுத்தல் 1:6). பவுல் ரோமர் 15:16-இல் தன் சுவிசேஷ ஊழியத்தை ஆசாரியப் பணியின் மொழியில் பேசுவது உண்மை. ஆனால் அங்கே காணிக்கை, விசுவாசம் கொண்ட புறஜாதியார்.

பிறகு எப்போது அந்தப் பெயர் வந்தது?

படிப்படியாக. கி.பி. 96 அளவில் ரோமிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட கிளமெந்து நிருபம், சபை ஒழுங்குக்கு உவமையாகப் பிரதான ஆசாரியர், ஆசாரியர், லேவியர், பொதுநிலையினர் என்னும் வரிசையைக் காட்டுகிறது. கொரிந்தின் மூப்பர்களே அந்த ஆசாரியர்கள் என்று நேராகச் சொல்லவில்லை. திதாக்கே என்னும் பழைய போதனை நூல், முதற்பலன்களைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள், அவர்களே உங்கள் பிரதான ஆசாரியர் என்கிறது. 200 அளவில் வட ஆப்பிரிக்க எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஆயரைத் தலைமை ஆசாரியர் என்று இயல்பாகவே குறிப்பிடுகிறார். அவரே வேறோரிடத்தில், பொதுநிலையினராகிய நாமும் ஆசாரியர் அல்லவா என்றும் கேட்கிறார். சிப்ரியானிடம் (இறப்பு 258) அந்தச் சொல் ஆயரின் வழக்கமான பெயராகிவிடுகிறது. பலிபீடத்தில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நின்று செயல்படுகிறார் என்னும் கருத்தும் அவரிடம் தெளிவாகிறது. முதலில் ஆயருக்கு வழங்கிய பெயர் 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் மூப்பர்களுக்கும் பரவிற்று.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் எரிந்தபின் ஆசாரியர் என்றால் இன்னொரு பீடத்தின் ஊழியர் என்னும் குழப்பம் நீங்கியது. நற்கருணையைப் பலி என்று பேசும் வழக்கு, மல்கியா 1:11-ஐ மேற்கோள் காட்டி, திதாக்கேயிலேயே தொடங்கிவிட்டது. பலி என்று ஒன்று இருந்தால் அதைச் செலுத்துபவருக்குப் பெயர் வேண்டும். இதைக் கெட்டுப்போதல் என்று சில புரோட்டஸ்டன்ட் நூல்கள் எழுதுகின்றன. இயல்பான வளர்ச்சி என்று கத்தோலிக்க நூல்கள் எழுதுகின்றன. மாற்றம் நடந்தது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போக முடியும்.

எல்லா விசுவாசிகளும் ஆசாரியர் என்றால் தனியாகக் குரு எதற்கு?

1520-இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்வி இதுவே. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் ஆசாரியர். போதகருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் வேறுபாடு பணியில்தான், நிலையில் அன்று என்றார் அவர். ஆனாலும் அவரவர் எழுந்து நின்று பிரசங்கிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் உரியதை ஒருவர் செய்யவேண்டுமானால் சபையின் அழைப்பு வேண்டும் என்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் மறுமொழியாக, குருத்துவம் கிறிஸ்து ஏற்படுத்திய அருட்சாதனம், அது அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்று வரையறுத்தது. 400 ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் பொதுக் குருத்துவத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் பணிக் குருத்துவம் அதிலிருந்து அளவில் மட்டுமன்றி இயல்பிலேயே வேறுபடுகிறது என்னும் வரையை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்குபெறும் இரு வழிகள் என்பது அதன் விளக்கம்.

இந்தச் சர்ச்சைக்குத் தமிழ்நாட்டில் சொந்தமான ஓர் அத்தியாயம் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆயர்கள் உள்ள ஆங்கிலிக்கன் சபையும், ஆயர் பதவியே இல்லாத மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் ஒன்றாயினர். ஆயர் கை வைக்காமல் பட்டம் பெற்றவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்கவேண்டுமா என்பதே பல ஆண்டுப் பேச்சுவார்த்தையின் முள். கொடுக்கவேண்டாம், இனிவரும் பட்டங்கள் ஆயர்கள் கையால் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. இங்கிலாந்தில் பலருக்கு இது உறுத்தியது; உலக அளவில் அதற்கு இணையான துணிவு அதற்குமுன் காணப்படவில்லை. அதற்கும் முன்பே, 1733-இல் தரங்கம்பாடியில் லூத்தரன் போதகராகப் பட்டம் பெற்ற முதல் தமிழரின் திருமுழுக்குப் பெயர் ஆரோன். ஆரோனிய ஆசாரியத்துவம் முடிந்துவிட்டது என்று கற்பித்த சபைக்கு ஆரோன் என்றே முதல் நாட்டுப் போதகர்!

திருப்பலி என்பது சிலுவைப் பலியைத் திரும்பச் செய்வதா?

கத்தோலிக்கப் போதனை அப்படிச் சொல்லவில்லை. 1562-இல் திரிதெந்து சங்கம் கூறியது, சிலுவையில் இரத்தம் சிந்திப் பலியான அதே கிறிஸ்து இங்கே இரத்தம் சிந்தாத முறையில் ஒப்புக்கொடுக்கப்படுகிறார், பலி ஒன்றே, முறை வேறு என்பது. கீழைத் திருச்சபையின் கிறிசோஸ்தோம் வழிபாட்டு மன்றாட்டு, காணிக்கை செலுத்துபவரும் காணிக்கையும் நீரே என்று கிறிஸ்துவிடம் சொல்கிறது. ‘ஒரேதரம்’ என்னும் எபிரெயர் நிருபச் சொல்லுக்கு இது போதிய மரியாதை அளிக்கிறதா என்பதில்தான் சீர்திருத்த மரபினரின் ஐயம் நிற்கிறது.

குருக்களின் மணத்துறவு யூத மரபிலிருந்து வந்ததா?

இல்லை, ஏறக்குறைய நேர்மாறானது. பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதால் ஆரோன் வழியினர் மணந்தே ஆகவேண்டும். யாரை மணக்கலாம் என்பதில் மட்டும் கட்டுப்பாடு. பிரதான ஆசாரியர் கன்னியையே மணக்கவேண்டும். பணி முறை வரும்போது மட்டும் தற்காலிக விலகல் இருந்தது. திருப்பலி நாள்தோறும் என்றானபோது அந்தத் தற்காலிகம் நிரந்தரமாயிற்று என்று மேலைத் திருச்சபையில் சிலர் வாதித்தார்கள். 1139-ஆம் ஆண்டின் இரண்டாம் லாத்தரன் சங்கம் குருக்களின் திருமணத்தைச் செல்லாததாக்கியது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பட்டத்துக்கு முன் மணந்தவர்கள் குருவாகலாம். ஆயர்கள் மட்டும் துறவிகள்.

பெண்கள் குருவாகாததற்கு லேவியர் சட்டமா காரணம்?

இஸ்ரவேலின் ஆசாரியர் ஆண்களே. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை 1994-இல் தன் நிலையை உறுதிசெய்தபோது அச்சட்டத்தைக் காரணமாகக் காட்டவில்லை. இயேசு பன்னிரு ஆண்களைத் தேர்ந்ததையும் தொடர்ந்து வந்த மரபையுமே காட்டியது. உலக ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற பெண் புளோரன்ஸ் லீ டிம்-ஒய், 1944-இல், போரினால் குருக்கள் வரமுடியாத நிலையில். தென்னிந்தியத் திருச்சபையில் பெண் குருக்கள் பணியாற்றுகிறார்கள். 2013-இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார்.

இன்று யூத ஆசாரியர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள்; பலியும் ஆலயமும்தான் இல்லை. கோஹேன் என்றழைக்கப்படும் வழித்தோன்றல்கள் தோரா வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுகிறார்கள்; கைகளை விரித்து அதே எண்ணாகமம் 6-இன் ஆசீர்வாதத்தைச் சபைமேல் கூறுகிறார்கள்; முதற்பேறான மகனை மீட்கும் சடங்கில் 5 வெள்ளிக்காசுகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். மரபைப் பேணுவோர் கல்லறைத் தோட்டத்துக்குள் போவதில்லை, விவாகரத்தானவரை மணப்பதில்லை. போதிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் ரபிகளிடம் போய்விட்டன; ரபி ஆவதற்கு வம்சம் வேண்டியதில்லை, கல்வி போதும். பலியைத் தொடர்பவர்கள் சமாரியர் மட்டுமே. பஸ்கா தோறும் கெரிசீம் மலையில், தங்கள் பிரதான ஆசாரியரின் முன்னிலையில், அந்தச் சிறு சமூகம் இன்றும் ஆடுகளைப் பலியிட்டு, இரவில் கூடி உண்கிறது.